புதுசு என்று நீ சொன்ன பை

இன்று காலை எங்கள் குடியிருப்பில் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஏறி இறங்க, அந்த நெடி படிக்கட்டு முழுக்க நின்றது. எதிர்வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் சாத்தவில்லை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அம்மா உள்ளேயிருந்து என்னடி அங்கே நிற்கிறாய் என்று கேட்டாள். உன்னை நினைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. தொட்டி கழுவுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

போய்விட்டவர்களைப் பற்றிப் பேசும்போது மற்றவர்களுக்கு மல்லிகைப்பூவும் தலைத்தைலமும் ஞாபகம் வருகின்றன. உன்னை நினைக்க எனக்கு வாய்த்தது பிளீச்சிங் நெடி. அதற்கு நான் பொறுப்பில்லை.

ஓசூர் சிப்காட்டில் முலாம் பூசும் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில்தான் நாம் சேர்ந்தோம். நான் உள்ளூர்க்காரி. நீ தூத்துக்குடியிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு மூட்டைக் கருவாட்டோடும் வந்து விடுதியில் தங்கியவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். உன் பேச்சைக் கேட்டு கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், ஆனால் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டாய். இந்த ஊரில் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்து ஓடும்போது என் தமிழுக்கு என்ன குறை என்று கேட்பாய். எனக்கு அது பிடித்திருந்தது. உன்னிடம் எனக்குப் பிடித்தவை நிறைய இருந்தன. அதை இப்போது மறைத்து எழுதினால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

"ஓசூர்ல எல்லாம் இருக்குட்டி, உப்புக்காத்து மட்டும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். அதற்காகத்தான் உன் வாடகை அறையில் முதல் உப்புநீர்த் தொட்டியை வைத்தாய். கடல் உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, இரண்டு சின்ன மீன்களை விட்டாய். அவை செத்தன. மறுபடி விட்டாய். தண்ணீரைச் சோதிப்பது எனக்குத் தொழில் என்பதால் மூன்றாவது முறை நான் உட்கார்ந்தேன். மீன்கள் பிழைத்தன. அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு உனக்குக் கல்யாணமாகி, கம்பெனியும் ஆட்களைக் குறைத்தபோது, பாகலூர் சாலையில் சின்னதாக ஒரு கடல்மீன் தொட்டிக் கடை போட்டு, வீடுகளுக்கும் போய்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டோம். எல்லைக்கு அந்தப்பக்கம் அத்திப்பள்ளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நீ பேசுவாய். நான் தொட்டிக்குள் கைவிடுவேன். ஒருவருக்கொருவர் குறுக்கே வராமல் அது வெகுநாள் நன்றாகவே ஓடியது.

ரெசினைக் கழுவலாம் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். கடுகைவிடச் சின்னதான வெளிர் மணிகள். வலைப்பையில் கட்டித் தண்ணீர் ஓடும் வழியில் வைத்தால், தண்ணீரின் அழுக்கையும் மஞ்சளையும் தான் வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துப்போகும். கறுத்ததும் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்க வேண்டும் என்றுதான் நீ நினைத்திருந்தாய். கம்பெனியில் தண்ணீர் சுத்தம் செய்யும் ரெசினை ஆசிட் விட்டு மீட்டெடுப்பதைப் பார்த்தவள் நான். இந்த ரெசினுக்கு ஆசிட் வேண்டாம், பிளீச் போதும். பிளீச் கரைசலில் ஊறவைத்தால் அழுக்கு எரிந்து மணிகள் மறுபடி வெளுத்துவிடும். ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. மணிக்குள் புகுந்த பிளீச் அங்கேயே இருக்கும். அதை ஹைப்போ உப்புக் கரைசலில் ஊறப்போட்டு முறிக்க வேண்டும். அப்புறம் அந்தத் தண்ணீரில் சோதனை மருந்து சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். லேசாக மஞ்சள் தட்டினாலும் திரும்ப ஊறப்போட வேண்டும். வெளுத்துப்போனதைப் பார்த்து ஏமாந்தால், போட்ட தொட்டியில் ஓர் உயிர் மிஞ்சாது.

தொட்டி வடிகட்டியில் போடும் கரியையும் இப்படிக் கழுவி வைத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டாய்.

"கரியைக் கழுவ முடியாதுடி. அது ரொம்பிப்போச்சுன்னா போச்சு. பாசி வராம வைக்கிற துரு மணியும் அப்டித்தான். எது திரும்பி வரும், எது வராதுன்னு தெரிஞ்சவங்கதான் இதுல கை வைக்கணும்" என்றேன்.

நீ தலையை ஆட்டிவிட்டு, "கடல் என்னத்தட்டி தூக்கிப் போடுது? எல்லாத்தையும் அலசி அலசி வச்சிக்கிடுதுல்லா" என்றாய். அன்றைக்கு அது எனக்கு அழகான பேச்சாகத் தெரிந்தது.

கழுவுகிற வேலை முழுக்க என்னுடையது. கழுவியதைப் போட்டால் கழுவியது என்று சொல்லித்தான் போட வேண்டும் என்பது நம் பேச்சு. பெரும்பாலோருக்கு அது போதும். சவிதா வீட்டுக்கு மட்டும் போதவில்லை.

தளிக்குப் போகிற வழியில் ரோஜாக் கூடாரங்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டை நீ மறந்திருக்க மாட்டாய். சவிதாவின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. அவ்வளவு பெரிய தோட்டத்தை நடந்து நடந்தே பார்த்த மனிதர் கூடத்தில் ஒரு கட்டிலில் கிடந்தார். டிவியைப் போட்டால் கண்ணை மூடிக்கொள்வாராம். அதனால்தான் அவருக்கு எதிரே ஒரு கடல் தொட்டி வைக்கலாம் என்று சவிதா நம்மிடம் வந்தாள். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் ஒரு ஜோடி, அவை புகுந்துகொள்ள, பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிர் ஒன்று. அவர் அதைப் பார்க்க ஆரம்பித்தார். காலையில் கண்விழித்ததும் கழுத்தை அந்தப் பக்கம் திருப்புவாராம்.

ஒருநாள் நாம் போயிருந்தபோது அந்த ஜோடி கல்லில் முட்டை வைத்திருந்தது. நம்மைவிட முன்னால் அதைப் பார்த்தவர் அவர். நல்லாயிருந்த இடது கையைத் தூக்கி, தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தத்தோடு தொட்டியைக் காட்டினார். விழுந்த பிறகு அவரிடமிருந்து வந்த முதல் சத்தம் அதுதான் என்று சவிதா சொன்னாள். நீ வெளியே போய் ரோஜாக் கூடாரத்தின் ஓரமாக நின்று அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

அதனால்தான் சவிதா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "மத்த எல்லாருக்கும் கழுவினது போடுங்கக்கா. அப்பாஜிக்கு மட்டும் ஹொசதே இரலி, புதுசே போடுங்க" என்று கன்னடம் கலந்து சொன்னாள். சரி என்று சொன்னது நீ. அந்த வீட்டுக்கு எப்போதும் புதுசுதான் போயிற்று, அந்த ஒருமுறையைத் தவிர.

அந்த வாரம் நான் அம்மாவை அழைத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தேன். நீ சொல்லியனுப்பிய புது ரெசின் வரத் தாமதமாயிற்று. சவிதா வீட்டுக்குப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. நாளைக்கு வருகிறேன் என்று ஒரு போன் செய்திருந்தால் போதும். அந்தப் பெண் கோபித்துக்கொள்ள மாட்டாள். நீ செய்யவில்லை. நான் கழுவுவதற்காக எடுத்து வைத்திருந்த ஒரு கறுத்த பையைப் பிளீச்சில் போட்டாய். வெளுத்தது. குழாய்த் தண்ணீரில் அலசினாய். ஹைப்போவும் போடவில்லை, சொட்டுவிட்டும் பார்க்கவில்லை. புதுப் பை ஒன்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு போய், புதுசு என்று சொல்லி வைத்துவிட்டு வந்தாய்.

இதெல்லாம் நானாகக் கற்பனை செய்ததில்லை. நீயே சொன்னது. ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று காலையில் சவிதா எனக்குத்தான் போன் செய்தாள். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, ஏன் அக்கா என்று கேட்டாள். உன்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் விரட்டினேன். நாம் போய்ச் சேர்ந்தபோது முக்கால்வாசி முடிந்திருந்தது. கடல் சாமந்தி சளிபோலக் கரைந்து கல்லில் ஒட்டிக் கிடந்தது. ஜோடியில் ஒன்று அடியில் சாய்ந்து கிடக்க, இன்னொன்று மூலையில் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்தது. அது அடங்கும்வரை அந்த மனிதர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலைத் திருப்பிப் போட யாருக்கும் தோன்றவில்லை.

தண்ணீர் வடிந்து சுத்தமாகும் கீழ்த்தொட்டியில் கைவிட்டுப் பையை எடுத்து முகர்ந்தேன். பிளீச். நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நான் முகர்ந்ததை நீ பார்த்தாய். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பதும் உனக்குத் தெரிந்தது.

சவிதா, "புதுசுதானேக்கா வச்சீங்க?" என்று கேட்டாள்.

நீ சொன்னாய்: "புதுசுதான்மா வாங்கி வச்சிருந்தேன். இவ கழுவி வச்சிருந்தத மாத்திக் கட்டிக் குடுத்துட்டா. கழுவுறதெல்லாம் இவதான்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வருத்தம்கூட இருந்தது, எனக்காக நீ வருத்தப்படுவது போல. நான் வாயைத் திறந்தேன். உன் கை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. கட்டிலிலிருந்து அந்தக் கண்கள் உன்னை விட்டு என்மேல் வந்து நின்றன. அந்த மனிதருக்கு முன்னால், செத்த மீன்களுக்கு நடுவே நின்றுகொண்டு நீயா நானா என்று சண்டை போட எனக்கு நாக்கு எழவில்லை. வெளியே வந்ததும் நீயே திரும்பிப் போய்ச் சொல்லிவிடுவாய் என்றும் நினைத்தேன். அவ்வளவு காலம் பழகியதில் அப்படி நினைக்க எனக்கு உரிமை இருந்தது.

சவிதா அழவில்லை. "நீங்க இனிமே வரவேணாக்கா" என்று என்னிடம் சொன்னாள். என்னிடம் மட்டும்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். நீ அங்கேதான் நடந்ததையெல்லாம் சொன்னாய், ஒன்றையும் விடாமல். பிறகு கேட்டாய்:

"நான் வேற என்ன செய்யச் சொல்லுத? கடைக்கு மூஞ்சி நான்ட்டி. என் பேரு போச்சுன்னா ரெண்டு பேருக்கும் சோறு இல்ல. உன் பேரு போனா உனக்கு நான் இருக்கேன்லா?"

நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். சிரிப்பா என்று தெரியவில்லை. அந்தச் சமாதானத்தில் ஒரு கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் அன்றைக்கே உன்னை விட்டுப் போகாததற்கு அதுதான் காரணம். உனக்கு நான் இருக்கிறேன் என்று நீ சொன்னதை நம்பினேன்.

நீ இருக்கவில்லை. தளி வீட்டுச் செய்தி மற்ற வாடிக்கையாளர்களுக்குப் பரவியபோது, அதை ஒரே மாதிரி எல்லோருக்கும் சொல்லி முடித்தாய். கை தவறிவிட்டது பாவம், இப்போது எல்லாத் தொட்டியும் நானே பார்க்கிறேன் என்றாய். நான் வேளாங்கண்ணியில் இருந்தேன் என்று சொல்ல என்னோடு வந்த அம்மா இருந்தாள். யாரும் கேட்கவில்லை. என்னை அனுப்பினால் வேண்டாம் என்று ஆட்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைக்குப் பின்னால் கழுவுகிற இடத்திலேயே நாள் முழுக்க இருந்தேன். பிறகு அதற்கும் நீ வேறு ஒரு பெண்ணை வைத்தாய். போ என்று நீ சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டாய். நான் சிப்காட்டுக்கே திரும்பிப்போய் இன்னொரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்த சிலர் அங்கே எனக்கு மேலதிகாரிகளாக இருந்தார்கள்.

கோயிலில் நீ முன்பெஞ்சுக்கு மாறினாய். பூசை முடிந்து வெளியே வரும்போது நன்றாக இருக்கிறாயா என்று கேட்பாய். நன்றாக இருக்கிறேன் என்பேன். அந்த வருஷங்களில் நமக்குள் நடந்த பேச்செல்லாம் அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். கணையத்தில் கட்டி, தாமதமாகத்தான் தெரிந்தது, பெங்களூரில் சேர்த்திருக்கிறோம் என்றார். நீ என்னைக் கேட்பதாகச் சொன்னார். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் ஊர்ந்து நிற்க, நிற்க, உன்னிடம் கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. சவிதாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, அது போதும் என்று கேட்க நினைத்தேன்.

வார்டுக்குள் போனேன். கண்ணும் தோலும் மஞ்சளாகி, கன்னம் ஒட்டி, வேறு யாரோ போல இருந்தாய். உன் வீட்டுக்காரர், உன் அம்மா, உன் நாத்தனார் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் சொன்னாய்:

"வருவான்னு சொன்னேம்லா. இவ மனசுல ஒண்ணையும் வச்சிக்கிட மாட்டா. அதுதான் இவ கொணம்."

எல்லோரும் என்னை அன்போடு பார்த்தார்கள். உன் அம்மா என் தலையைத் தடவினாள். அதற்குமேல் நான் என்ன கேட்க முடியும்? நாத்தனார் ஒரு டம்ளரில் தண்ணீரும் ஸ்பூனும் கொடுத்தாள். உன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாய். மன்னிப்பை என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டாய். அதுவும் சாட்சி வைத்து.

அடக்கத்தன்று எல்லோரும் உன்னைப் பற்றிப் பேசினார்கள். தன்னை நம்பி வந்த சிநேகிதியை அவ்வளவு பெரிய தவறுக்குப் பிறகும் கைவிடாதவள் என்று ஒருவர் சொன்னார். அந்தச் சிநேகிதி நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் தளிக்குப் போனேன். சவிதா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள், காபி கொடுத்தாள். தொட்டி இருந்த இடத்தில் ஒரு டிவி இருந்தது. பழைய பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதே கட்டிலில், முன்னைவிடச் சிறுத்து, கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேளாங்கண்ணி, வராத ரெசின், ஹைப்போ போடாதது, டீக்கடையில் நீ சொன்னது. நான் முடித்ததும் சவிதா என் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவங்க இப்போ இல்லக்கா. இல்லாதவங்க வந்து, அப்டி இல்லேன்னு சொல்ல முடியாதுல்ல?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு சொன்னாள்: "அவங்க அப்பாஜியப் பாக்க வந்துட்டேதான் இருந்தாங்க. ஒவ்வொரு தபாவும், அவ மேல கோவம் வெக்காதீங்க, தெரியாம செஞ்சிட்டான்னுதான் சொல்வாங்க. உங்களுக்காகத்தான்க்கா பேசினாங்க."

நான் எழுந்து நின்றேன். அந்தப் பேச்சுக்கு இனி உலகத்தில் மறுபேச்சு இல்லை என்று புரிந்தது. நீ அவ்வளவு தூரம் போய், அவ்வளவு முறை, ஒரே பொய்யைக் கருணையாக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். ஒருவேளை அதைச் சொல்லச் சொல்ல உனக்கே அது உண்மையாகிப்போயிருக்கலாம். அந்த வீட்டுக்கு நீ ஏன் திரும்பத் திரும்பப் போனாய் என்று மட்டும் யோசிக்கிறேன். மனசாட்சியா, பயமா, அந்த மனிதர்மேல் பாசமா? மூன்றும் இருந்திருக்கும். உன்னை அறிந்தவளாதலால் மூன்றையும் நம்புகிறேன். ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் கண் திறந்திருப்பதைப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்தார். கேட்டாரா, புரிந்ததா, எதுவும் தெரியவில்லை. கையைத் தூக்குவாரா என்று கொஞ்ச நேரம் நின்றேன். தூக்கவில்லை. பஸ்ஸில் கொத்தமல்லிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓசூர் வந்து சேர்ந்தேன்.

உன் அம்மா தூத்துக்குடியிலிருந்து இன்னும் எனக்குப் போன் செய்கிறாள். மகள் கல்லறையைப் பார்த்துக்கொள் என்கிறாள். பார்த்துக்கொள்கிறேன். புல்லைப் பிடுங்குகிறேன், கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன், மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். உன்னிடம் எனக்கு இருந்த அன்பு எங்கும் போய்விடவில்லை. அதுவும் உள்ளேதான் இருக்கிறது, மற்றதோடு சேர்ந்து. இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஞாயிறு பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, நமக்குத் தீமை செய்தவர்களைப் பொறுப்பது பற்றி ஓர் இடம் வருமே, அங்கே என் வாய் நின்றுவிடுகிறது. பக்கத்தில் அம்மா சொல்லிக்கொண்டே போகிறாள். கோயில் முழுக்கச் சொல்கிறது. நான் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததில் சேர்ந்துகொள்கிறேன். யாருக்கும் தெரிவதில்லை. சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

உன்னை நான் பொறுத்துவிட்டேன் என்று எல்லோரிடமும் நீயே சொல்லிவிட்டுப் போனாய். நான் இன்னும் சொல்லவில்லை.